கடைசி ஜோடிக் கால்

உள்ளங்கை நீளத்தில் ஒரு கண்ணாடிக் குழாய். வாயில் பஞ்சு அடைத்து, ஸ்பிரிட் நிரம்பிய ஜாடிக்குள் நிற்கிறது. உள்ளே நிறம் வெளுத்துப்போன ஒரு பூரான். அதன் நடுவுடலில் வெள்ளைத் தையல் நூல் ஒரு சுற்றுச் சுற்றியிருக்கிறது. நூலின் மறுமுனையில், உடலைவிட்டுக் கழன்ற இரண்டு கால்கள். கூடவே மூன்று சீட்டுகள். இரண்டு ஆங்கிலத்தில், ஒன்று தமிழில். எங்கள் அருங்காட்சியகத்தில் உள்ள ஒவ்வொரு ஜாடியையும் கணினியில் ஏற்ற வேண்டும் என்று கல்லூரியில் உத்தரவு வந்ததிலிருந்து, தினம் பத்துப் பதினைந்து ஜாடிகளை முடித்துக்கொண்டு வருகிறேன். இன்றைக்குக் காலையில் இந்தக் குழாய் கைக்கு வந்தது. மத்தியானம் ஆகிவிட்டது, இன்னும் அடுத்த ஜாடிக்குப் போகவில்லை. கணினித் திரையில் எல்லாக் கட்டங்களையும் நிரப்பிவிட்டு, ஒரே ஒரு கட்டத்தில் வந்து நின்றுவிட்டேன்.

நான் வேலை பார்ப்பது ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகும் சாலையில் உள்ள ஒரு கல்லூரியில். விலங்கியல் துறை. பதவிக்குப் பெயர் கௌரவ விரிவுரையாளர். அந்தக் கௌரவம் ஒவ்வொரு ஜூன் மாதமும் புதுப்பித்தால்தான் உண்டு. கல்யாணமாகி விருதுநகர்ப் பக்கத்திலிருந்து திருமுல்லைவாயிலுக்கு வந்தவள். எங்கள் அடுக்குமாடியில் பாதிப் பேர் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள், மீதிப் பேர் ஆவடித் தொழிற்சாலைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். என்ன வேலை என்று கேட்டவர்களிடம் உண்மையைச் சொல்லித் தொலைத்ததில் 'பூரான் மேடம்' என்று பெயர் வந்துவிட்டது. மழைக்காலத்தில் யார் வீட்டுக் குளியலறையில் பூரான் தென்பட்டாலும் என் வீட்டு மணிதான் அடிக்கும். "மேடம், கடிக்குமா?" என்பார்கள். "கடிக்கும்." "விஷமா?" "செத்துப்போக மாட்டீங்க." இதற்குமேல் நான் யாருக்கும் ஆறுதல் சொன்னதில்லை. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை.

அருங்காட்சியகம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். தரைத்தளத்தில் ஒரு நீண்ட கூடம். ஒரு கண் விழுந்துபோன மரநாய், சுருட்டி வைத்த மலைப்பாம்புத் தோல், சுவர் முழுக்கத் தட்டுகளில் ஜாடிகள். அந்தக் கூடத்தின் சாவி அக்காவிடம் இருந்தது. துறையில் எல்லோருக்கும் அவர் 'மியூசியம் அக்கா'. கள்ளிக்குப்பத்திலிருந்து பஸ் மாறி வருவார். முதலில் அங்கே உதவியாளராக இருந்தது அவருடைய கணவர். அவர் இறந்தபின் கருணை அடிப்படையில் அக்காவுக்கு அந்த வேலை கிடைத்தது. வந்த புதிதில் ஜாடிகளைப் பார்த்துவிட்டுச் சோறே இறங்கவில்லையாம். நான் போய்ச் சேர்ந்த காலத்திலோ, அதே ஜாடிகளுக்கு நடுவில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்து, கருவாட்டுக் குழம்பு ஊற்றி நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஆட்கள் இருந்தால் எனக்கு 'நீங்க'. தனியாக இருந்தால் 'நீ'. அந்த 'நீ' எனக்குப் பிடித்திருந்தது.

சேர்ந்த முதல் மாதமே எங்களுக்குள் ஒரு சண்டை. ஒரு ஜாடியில் பழைய சீட்டு ஒன்று நைந்துபோயிருந்தது. அக்கா அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, அதிலிருந்ததை அழகாகப் பார்த்து எழுதிப் புதுச் சீட்டு வைத்துவிட்டார். நான் குப்பைக் கூடையைக் கவிழ்த்து அந்த நைந்த சீட்டைத் தேடி எடுத்தேன். எந்த இடத்தில், எந்தத் தேதியில், யார் பிடித்தது என்று பிடித்தவர் கையாலேயே எழுதியது அது. அது போனால் ஜாடியில் இருப்பது வெறும் செத்த பிராணி. கூடம் அதிரக் கத்தினேன். "தப்பான சீட்டா இருந்தாக்கூட உள்ளதான் கிடக்கணும். பக்கத்துல இன்னொண்ணு போட்டுக்கலாம். உள்ள போன சீட்டை யாரும் எடுக்கக் கூடாது, நானே ஆனாலும்!" அக்கா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "செரி மேடம். நீயே வந்தாலும் எடுக்க உடமாட்டேன், போதுமா?" என்றார்.

பூரானை எப்படி இனம் காண்கிறோம் என்பதை இங்கே கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஸ்பிரிட்டில் சில வருஷம் கிடந்தால் எல்லாம் ஒரே நிறம்தான். நீளத்தை வைத்தும் முடியாது. எங்களிடம் ஒரு கேள்விப் பட்டியல் உண்டு. உணர்கொம்பில் முதல் எத்தனை கணுக்கள் முடியில்லாமல் மொழுமொழுவென்று இருக்கின்றன? முதுகுத் தகடுகளில் ஓரக்கோடு எத்தனையாவது தகட்டில் ஆரம்பிக்கிறது? ஒவ்வொரு பதிலும் அடுத்த கேள்விக்கு அனுப்பும். கடைசியில் ஒரு பெயரில் கொண்டுபோய் நிறுத்தும். இதில் பெரிய சாட்சி கடைசி ஜோடிக் கால்கள், அதாவது இருபத்தோராவது ஜோடி. அவை நடப்பதற்கான கால்கள் இல்லை. வாலைப்போல் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றின் தொடைப் பகுதியில் சின்னச் சின்ன முட்கள் இருக்கும். எத்தனை முள், எத்தனை வரிசை என்று எண்ணித்தான் பல இனங்களைப் பிரிக்கிறோம். தொல்லை என்னவென்றால், முதலில் கழன்று விழுவதும் அந்தக் கால்கள்தான். பிடிக்கும்போது கழலும், ஸ்பிரிட்டில் போட்டாலும் கழலும். அதனால் ஒரு குழாயில் ஓர் உடலும் பக்கத்தில் தனியாக இரண்டு கால்களும் கிடந்தால், அந்தக் கால்கள் அந்த உடலுடையவை என்று எடுத்துக்கொள்வது வழக்கம்.

இந்தக் குழாயில் இருந்ததும் அப்படித்தான். சீட்டில் 'திருமழிசை, வயல் வரப்பு' என்று ஆங்கிலத்தில் பென்சிலால் எழுதியிருந்தது. பிடித்தவர் எப்போதோ ஓய்வு பெற்றுக் காலமாகிவிட்ட ஒரு பேராசிரியர். உடலை மைக்ராஸ்கோப்பில் வைத்துக் கேள்விகளைக் கேட்டுக்கொண்டே போனேன். ஒரு பெயரை நோக்கி ஒழுங்காகத்தான் போனது. காலுக்கு வந்ததும் வழி அடைத்துக்கொண்டது. அந்த உடலுக்கு அத்தனை முட்கள் இருக்கக் கூடாது. திரும்ப முதலிலிருந்து வந்தேன். திரும்பவும் அதே இடத்தில் நின்றது. ஒரு வாரம் இதையே செய்தேன். இந்த உடலும் இந்தக் காலும் சேர்ந்த பூரான் உலகத்தில் எந்தப் பட்டியலிலும் இல்லை. அந்த நூல்தான் என்னை முழுக்க நம்ப வைத்தது. கால்கள் தொலைந்துவிடாமல் இவ்வளவு பதமாகக் கட்டி வைத்திருக்கிறாரே, எப்பேர்ப்பட்ட கவனமான மனிதர் என்று அந்தப் பேராசிரியரை நினைத்து நெகிழ்ந்துபோனேன். அவர்தான் கட்டினாரா என்று யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லக்கூடியவர் பத்தடி தள்ளி உட்கார்ந்து ஜாடி துடைத்துக்கொண்டிருந்தார்.

அப்போது என் நிலைமை இதுதான். முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்து, அவகாசம் முடிந்து, நீட்டிப்பு வாங்கி, அந்த நீட்டிப்பும் வருகிற ஜூனில் முடிகிறது. அதற்குள் ஒரு கட்டுரையாவது ஆய்விதழில் வந்தால்தான் ஆய்வேட்டைக் கொடுக்க முடியும். பட்டம் இல்லையென்றால் அந்த வருஷம் என் வேலையைப் புதுப்பிக்க மாட்டார்கள் என்று துறைத் தலைவர் நேரடியாகவே சொல்லிவிட்டார். அவர்தான் என் ஆய்வு நெறியாளரும். ஒரு புது இனம் என்றால் கட்டுரை நிச்சயம். ஒரே ஒரு மாதிரியை வைத்துப் புது இனம் சொல்வது சரியில்லை என்று திருமழிசைக்கு அலைந்தேன். வரப்பு இருந்த இடத்தில் பட்டறைகளின் பின்சுவர் நின்றது. மீதியிருந்த வயல் ஓரங்களில் மழையோடு மழையாகக் கல்லைப் புரட்டினேன். முழங்கால்வரை சேறோடு கல்லூரிக்கு வந்த நாட்களில், அக்காதான் பக்கெட்டில் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு, "கெட்ச்சிதா?" என்று கேட்பார். கிடைக்கவில்லை.

கிடைக்காவிட்டாலும் கட்டுரையை அனுப்பினேன். மதிப்பிட்டவர்களில் ஒருவர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார்: கால்கள் தனியாகக் கிடக்கின்றனவே, அவை இந்த உடலுடையவைதான் என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரியுமா? 'ஆம். சேகரித்தவரே நூலால் கட்டி வைத்திருக்கிறார்' என்று பதில் எழுதினேன். எனக்குத் தெரியாத ஒன்றைத் தெரியும் என்று எழுதியது அந்த இடத்தில்தான். எழுதும்போது அது பொய் என்றுகூடத் தோன்றவில்லை. கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். புதுப் பெயரை ஒரு சீட்டில் என் கையால் எழுதி, தேதி போட்டு, குழாய்க்குள் சொருகினேன். அன்றைக்கு வீட்டில் கேசரி செய்தேன்.

அச்சுக்குப் போகும் முன் சரிபார்க்கச் சொல்லிப் பிரதி வந்தது. கட்டுரையின் கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில் அக்காவின் பெயரைப் போட்டிருந்தேன். அதைக் காட்டத்தான் காகிதத்தை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனேன். அக்கா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். எழுத்துக்கூட்டிப் படித்தார். "என் பேரு இங்கிலீசுல இம்மாம் நீளமா கீது!" என்று சிரித்தார். பிறகு பக்கத்தைத் திருப்பி, நான் வரைந்திருந்த படத்தை வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"சோக்கா வரைஞ்சிகீறம்மா. முள்ளு கிள்ளு எல்லாம் போட்டுகினு, நூல மட்டும் உட்டுட்டியே?"

"எந்த நூலு, அக்கா?"

"நான் கட்டுன நூலு."

எனக்குக் காதில் விழுந்தது, உடனே புரியவில்லை. அக்கா குஷியாகச் சொல்லிக்கொண்டே போனார். "நீ வர்றதுக்கு முந்தி ஒரு மழையில தண்ணி உள்ள பூந்துச்சில்ல? கீய் தட்டு ஜாடியெல்லாம் கவுந்து ஒடஞ்சி போச்சி. எவர்சில்வர் தட்டுல ஒவ்வொண்ணா பொறுக்கி வெச்சி, அது அது சீட்ட அது அதுகூடப் போட்டேன். சீட்டு ஒண்ணுகூட மாறல, சாமி சத்தியமா. காலுங்கதான் அல்லாம் கயண்டு அடியில கெடந்துச்சி."

"அந்தக் காலை?"

"சைஸ் பாத்து ரெண்டு ரெண்டா ஜோடி சேத்து கட்டிட்டேன். மூளியா உட்டா டேமேஜுனு எய்திட மாட்டாங்கோ?"

வருஷக் கடைசியில் பொருள் சரிபார்ப்பு நடக்கும். ஒரு துறையின் பொருட்களை வேறொரு துறை ஆசிரியர் வந்து எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது விதி. எங்களுக்கு வந்தவர் வணிகவியல் ஆசிரியர். அவருக்குப் பூரானும் ஒன்றுதான், மர நாற்காலியும் ஒன்றுதான். கால் இருக்கிறதா என்று பார்ப்பார், இல்லையென்றால் 'சேதம்' என்று குறிப்பார். முந்தைய வருஷம் ஓர் ஆமைக்கு ஒரு பாதம் இல்லையென்று அக்காவிடம் எழுத்தில் விளக்கம் கேட்டிருந்தார்கள். அந்த ஆமை அக்கா பிறப்பதற்கு முன்பிருந்தே அப்படித்தான். அதைச் சொன்னால் நம்ப ஆளில்லை. கணவர் பெயரால் வந்த வேலை, ஒரு பூரான் காலில் போய்விடுமோ என்று பயந்து, தண்ணீர் வடிந்த கூடத்தில் ஒரு வாரம் உட்கார்ந்து ஒவ்வொரு பூரானுக்கும் கால் கட்டியிருக்கிறார். சரிபார்ப்பில் ஒரு பூரானுக்கும் சேதம் வரவில்லை. அந்தப் பெருமைதான் அவர் முகத்தில் இருந்தது.

நான் என்ன செய்தேன் என்பதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். "உங்களுக்கு அறிவிருக்கா? தெரியாத வேலையில ஏன் கை வைக்கிறீங்க? என் பொழைப்பே போச்சு!" என்று கத்தினேன். அதோடு நின்றிருக்கலாம். "எட்டாவது படிச்சவங்களைக் கொண்டுவந்து இங்க உட்கார வெச்சா இப்படித்தான் ஆகும்" என்றும் சொன்னேன். அக்கா காகிதத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, பாதி சாப்பிட்டிருந்த டிபன் பாக்ஸை மூடி எடுத்துக்கொண்டு வெளியே போனார். இன்றைக்கு நினைத்தாலும் வெட்கத்தில் எனக்குக் காது சுடுகிறது.

அன்று சாயங்காலம்வரை, நான் அதுவரை திறக்காத கீழ்த்தட்டுக் குழாய்கள் அத்தனையையும் எடுத்து வைத்துப் பார்த்தேன். என் குழாயிலிருந்த கால்களின் முட்களை வரிசையாக எண்ணி, அம்பத்தூர் ஏரிக்கரையில் நானே பிடித்த, கால் கழலாத ஒரு பூரானோடு ஒப்பிட்டேன். முள்ளுக்கு முள் அதேதான். எங்கள் அடுக்குமாடிக் குளியலறைகளில் வருகிறதே, யாரும் ஏறிட்டுப் பார்க்காத சாதாரணப் பூரான், அதன் கால்கள். என் பூரானின் சொந்தக் கால்களோ நாலு குழாய் தள்ளி வேறோர் உடலில் பத்திரமாகக் கட்டியிருந்தன. அந்தக் கால்களை வைத்துக் கேள்விகளைக் கேட்டபோது, அடைத்த வழி திறந்துகொண்டு நேராக ஒரு பழைய பெயரில் போய் நின்றது. ஆக, என் புது இனம் என்பது இரண்டு பழைய பூரான்களும் ஒரு முழம் நூலும்.

நெறியாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் கதவைச் சாத்தச் சொன்னார். "அந்தம்மா சொல்றதை வெச்சு ஏத்துக்கிட்ட கட்டுரையைத் தூக்கிப் போடுவீங்களா? எந்தக் காலை எதுல கட்டினாங்கன்னு அவங்களுக்கே ஞாபகம் இருக்காது. பேசாம எழுத்துப்பிழையை மட்டும் திருத்தி அனுப்புங்க. நீங்க வெளிய சொன்னா அவங்களுக்கும்தானே மெமோ போகும்?" என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். நான் வாயைத் திறக்காமல் இருப்பது எனக்காக இல்லை, அக்காவைக் காப்பாற்றத்தான் என்று மூன்று நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ரயிலில் சொல்லிக்கொண்டேன், சமைக்கும்போது சொல்லிக்கொண்டேன். பிரதியைத் திருத்தி அனுப்ப வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

அந்த மூன்று நாளும் அக்கா எனக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. கதவைத் திறப்பார், துடைப்பார், தனியாக இருக்கும்போதும் 'மேடம், நீங்க' என்பார். வியாழக்கிழமை மத்தியானம் அவராகவே வந்து என் மேஜைக்கு எதிரில் நின்றார்.

"நான் கட்டுனதால இன்னா ஆவும் மேடம்? புரியிற மாரி சொல்லுங்கோ."

சொன்னேன். அப்படி ஒரு பூரானே கிடையாது. ஆனால் இருப்பதாக அச்சில் வரும். இனி இந்தப் பூரான்களைப் படிக்கிற ஒவ்வொருவரும் அதை நம்புவார்கள், எங்கே இருக்கிறது என்று தேடுவார்கள் என்றேன்.

"உன்ன மாரியா? சேத்துல?"

"ஆமா."

"இல்லாதத எங்கேர்ந்து கண்டுபுடிப்பாங்கோ, பாவம்" என்று சொல்லிவிட்டு அக்கா போய்விட்டார். மறுபடி 'உன்ன' என்று சொன்னதை நான் பிறகுதான் கவனித்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் வந்தபோது அந்தக் குழாய் என் மேஜையில் மைக்ராஸ்கோப் பக்கத்தில் நின்றது. உள்ளே மூன்றாவதாக ஒரு சீட்டு. பேனா ஸ்பிரிட்டில் கரையும் என்பதால் பென்சில். அழுத்தி அழுத்தி எழுதிய பெரிய தமிழ் எழுத்துகள். 'இந்தக் கால் இதோடது இல்லை. நான் கட்டினது.' கீழே, வருகைப் பதிவேட்டில் போடுவதுபோலவே முழுக் கையெழுத்தும் தேதியும்.

நான் ஃபோர்செப்ஸை எடுத்தேன். பஞ்சை உருவினேன். சீட்டின் விளிம்பு குழாயின் வாய்க்குப் பக்கத்திலேயே இருந்தது, ஒரு பிடியில் வந்துவிடும். விஷயம் தெரிந்தவர்கள் மூன்றே பேர். அதில் ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டவர். ஜூனுக்கு இன்னும் ஏழு வாரம் இருந்தது. கூடத்தின் மறுகோடியில் அக்கா முதுகைக் காட்டிக்கொண்டு மரநாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

"உள்ள போன சீட்ட எடுக்கக் கூடாது மேடம். நீயே ஆனாலும்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பஞ்சைத் திரும்ப அடைத்தேன். கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், கால்கள் வேறு பூரானுடையவை, என் பதிலில் எழுதியது தவறு என்று ஆய்விதழுக்கு அங்கேயே உட்கார்ந்து கடிதம் அனுப்பினேன். அனுப்பிவிட்டு நிமிர்ந்தபோது அக்கா டீ வாங்கி வந்து வைத்திருந்தார்.

அதன்பிறகு எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. ஜூனில் எனக்கு வேலை புதுப்பிக்கப்படவில்லை. ஒரு வருஷம் வீட்டில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தேன். அக்காவுக்கு மெமோ வந்தது. விளக்கத்தை நான்தான் எழுதிக் கொடுத்தேன். விளக்கத்தை ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் சாவியை வாங்கிக்கொண்டு அவரைத் தேர்வுப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். வெள்ளத்தில் முழங்கால் தண்ணீரில் நின்று ஒரு சீட்டுகூட மாறாமல் காப்பாற்றியவரை, அந்தக் கூடத்தைவிட்டே வெளியே அனுப்பினார்கள். நான் உண்மையைச் சொன்னதற்கு என்னைவிட அதிகமாகக் கஷ்டப்பட்டது அவர்தான். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் தணியவில்லை.

கள்ளிக்குப்பத்தில் அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். எட்டாவது படித்தவர் என்று சொன்னதுதான் என்னைத் தின்றுகொண்டிருந்தது. நான் சொல்லி முடிக்கும்வரை அக்கா முறத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டே கேட்டார். "அத்த உடும்மா. நீ வேற, எட்டாவதுனு எல்லார்கிட்டயும் சொல்லிகினு கீற. ஏயாவதுதான் பாஸு. எட்டு பெயிலு" என்றார். அன்றைக்கு அங்கேயே கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டேன்.

மறு வருஷம் அதே கல்லூரியில் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். வேறு ஆள் கிடைக்கவில்லை. இன்னொரு நீட்டிப்புக்கு மன்றாடி, அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லிவரை எந்தப் பூரான் எந்த மண்ணில் இருக்கிறது என்று எழுதி முனைவர் பட்டம் வாங்கினேன். அதில் ஒரு புது இனமும் கிடையாது. கூடத்தின் சாவி இப்போது என்னிடம். தேர்வுப் பிரிவு மாடியில் இருந்தது. படிக்கட்டில் பார்க்கும்போதெல்லாம் அக்கா கேட்பார்: "அந்தக் கால அவுத்துட்டியா?" இல்லையென்பேன். "அவுக்காத. அப்புறம் நான் இன்னா பண்ணேன்னு எவனுக்குத் தெரியும்?" என்பார். போன வருஷம் ஓய்வு பெற்றார். விடை கொடுக்கும் விழாவில், விடைத்தாள் கட்டுகளை அடுக்குவதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று பேசினார்கள். மியூசியம் என்ற சொல்லை ஒருவரும் எடுக்கவில்லை. என்னையும் பேசக் கூப்பிட்டார்கள். வாயைத் திறந்தால் சண்டையில் முடியும் என்று பயந்து, மாலையைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டேன். அது ஒரு தப்பு.

இன்றைக்கு நான் நின்றுபோன கட்டம் 'அடையாளம் கண்டவர்'. குழாயில் கிடக்கும் சீட்டுகளில் கடைசியாக எது சரியான விவரம் சொல்கிறதோ, அதை எழுதியவர் பெயரை அங்கே போட வேண்டும். என் சீட்டும் உள்ளேதான் கிடக்கிறது, உலகத்தில் இல்லாத ஒரு பூரானின் பெயரோடு. எடுக்கவில்லை, எடுக்கக் கூடாது. அதற்கு அடுத்தது அக்காவின் சீட்டு. பெயர் தெரியும், இனிஷியல் மறந்துவிட்டது. கைபேசியை எடுத்தேன்.

"அக்கா, உங்க இனிஷியல் என்னக்கா?"

"இன்னாத்துக்கு? திருப்பி மெமோவா?"

"இல்லக்கா. அந்தப் பூரானைக் கம்ப்யூட்டர்ல ஏத்துறேன். அடையாளம் கண்டவங்க பேரு கேக்குது. உங்க பேரைத்தான் போடணும்."

பின்னால் குக்கர் விசில் கேட்டது. பிறகு இனிஷியலைச் சொன்னார். கணவருடையதை இல்லை, அப்பாவுடையதைச் சொன்னார். நான் தட்டச்சு செய்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"படம் போட்டியா?"

"போட்டோவே எடுத்துப் போட்டிருக்கேன்க்கா."

"நூலு தெரியுதா?"

திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். வெளுத்த உடலில் ஒரு சுற்று, காலில் ஒரு சுற்று, நடுவில் சின்ன முடிச்சு.

"நல்லாத் தெரியுதுக்கா" என்றேன்.